போனக்காட்டு அண்ணனின் வலது கை

பூல் டேபிளில் ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்தை அடிக்கக் குனியும்போது சட்டை நுனியோ விரலோ பக்கத்துப் பந்தில் பட்டுவிட்டால் அது ஃபவுல். ரெஃப்ரி கவனித்திருக்க மாட்டார். எதிராளி கோல் நுனியில் தேய்க்கும் சாக் கட்டியைத் தேடிக்கொண்டிருப்பார். பந்து நகர்ந்ததுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பட்டவருக்குத் தெரியும். அவரே நிமிர்ந்து வலது கையைத் தூக்கிவிட வேண்டும். அதோடு அவர் முறை போயிற்று. எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்துத் தனக்குத் தோதான இடத்தில் வைத்து ஆடலாம். தெரிந்தும் கையைத் தூக்காதவரோடு எங்களில் யாரும் டீ குடிக்க மாட்டோம். அப்படி ஒருத்தரோடு நான் இன்றுவரை குடிக்கவில்லை.

இந்த நல்ல பழக்கத்தால்தான் எங்கள் சங்கம் பிறந்த கையோடு சாகக் கிடந்தது.

நான் திருவனந்தபுரத்தில் இந்த ஆட்டத்தை ஆடிப் பிழைக்கிறவள். தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கும் ஹாலில் காலை வேளையில் கற்றுக்கொடுப்பேன். எங்கே போட்டி என்று கேள்விப்பட்டாலும் ஆடுகிற கோலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், கொல்லம், எப்போதாவது கொச்சி. பெண்களுக்கென்று தனிப் போட்டி அபூர்வம். அதனால் ஆண்களோடுதான் ஆடுவேன், ஜெயிப்பேன், தோற்பேன். கோட்டைக்குப் பக்கத்தில் அக்ரஹாரத் தெருவில் எங்கள் வீடு. நானும் அம்மாவும். பக்கத்து வீட்டு மாமி விசாரித்தால் அம்மா, "அவ ஸ்போர்ட்ஸ்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். என்ன ஸ்போர்ட்ஸ் என்று மேற்கொண்டு கேட்டால் அம்மாவுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மேசைக்கு முன்னால் நிற்கும்போது அதை அடக்கத் தெரியும். அந்தப் பச்சைத் துணியை விட்டு நகர்ந்தால் தெரியாது. கோபம் வந்ததும் எனக்கு வீட்டுத் தமிழ் வந்துவிடும். ஹாலில் எல்லோருக்கும் அது பரிச்சயம். "சேச்சி ஆத்துப் பாஷைக்கு மாறியாச்சு" என்று சொல்லிக்கொண்டு ரெண்டடி தள்ளி நிற்பார்கள்.

ஹால் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். என்னைவிட இளையவர்தான். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மேசைத் துணியில் ஒரு கீறல் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பெண் என்று என்னிடம் ஒரு வார்த்தை வித்தியாசமாகப் பேசியதில்லை. ஹாலின் சாவி ஒன்றை என்னிடமே கொடுத்து வைத்திருந்தார். மாணவர்கள் வருவதற்கு முன்னால் நான் போய்த் திறந்து, துணியைத் தூரிகையால் ஒரே திசையில் இழுத்துத் துடைத்து, தனியாக ஆடிப் பழகுவேன். கீழே பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயரைக் கூவிக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மேலே பந்தோடு பந்து மோதும் சத்தம் மட்டும்தான். அந்தக் காலை மேசைதான் என் சம்பாத்தியம், என் பயிற்சி, எல்லாம். அது இல்லாவிட்டால் நான் கையில் கோல் வைத்திருக்கும் ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

அண்ணாச்சி பெரிதாக ஒன்று செய்ய ஆசைப்பட்டார். வருஷத்துக்கு நான்கு சுற்று, ஸ்பான்சர், மேசைக்கு மேலே கேமரா, போனில் நேரடி ஒளிபரப்பு. எங்களுக்கும் சந்தோஷம்தான். ஒப்பந்தத்தாளைக் கையில் கொடுத்தார். நல்ல பரிசு, நல்ல ஏற்பாடு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இந்தத் தொடரில் ஆடுகிறவர்கள் தொடர் முடியும்வரை வேறு எந்த ஹாலிலும், எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது.

நான்கு சுற்றில் பரிசு வாங்குகிறவர்கள் மேலே இருக்கும் ஒரு சிலர். மற்றவர்கள்? சின்னச் சின்ன ஹாலில், சின்னச் சின்னப் போட்டியில்தான் எங்கள் அரிசி பருப்பு வருகிறது. திருவிழாச் சமயத்தில் நாகர்கோவிலில் ஒன்று, ஓணத்துக்குக் கொல்லத்தில் ஒன்று என்று ஓடி ஓடித்தான் வருஷம் நிரம்பும். அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் மீதி நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கோலைத் துடைக்கலாம். போடாவிட்டால் ஊரிலேயே பெரிய போட்டிக்கு வெளியே நிற்கலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடைக் கொல்லையில் கூடினோம். இந்த ஊரில் சங்கம் இல்லாத தொழில் கிடையாது. சுமை தூக்குகிறவர்களுக்கு உண்டு, லாட்டரிச் சீட்டு விற்கிறவர்களுக்கு உண்டு. எங்களுக்கு மட்டும் அது தோன்றியதே இல்லை. காரணம் எனக்கு அன்றைக்குப் பார்த்ததும் புரிந்தது. ஒருத்தரை ஒருத்தர் தோற்கடித்தே பழகினவர்கள் நாங்கள். யாருக்கு இடது மூலைப் பாக்கெட் உதைக்கும், யார் கடைசிப் பந்தில் வியர்த்துப் போவார் என்று சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவோம். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் முழிப்போம். ஒரே பக்கத்தில் நின்று ஒருவருக்கும் பழக்கமில்லை.

செயலாளர் யார் என்று பேச்சு வந்தது. ஐந்து கேம் ஆடிப் பார்த்து, ஜெயித்தவரைப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தலையாட்டினார்கள்.

"செக்ரட்டரிக்கு வாய் வேணும், ஓய். பாங்க் ஷாட் எதுக்கு?" என்று கத்தினேன்.

"அப்போ சேச்சிதான்" என்றான் ஆட்டோக்காரத் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். நான் செயலாளர் ஆனது அப்படித்தான்.

இந்தத் தம்பி பாறசாலைப் பக்கத்துக்காரன். தம்பானூர் ஸ்டாண்டில் வண்டி ஓட்டுவான், சவாரி இல்லாத நேரத்தில் மாடியேறி வந்துவிடுவான். எல்லைப் பக்கத்துத் தமிழும் மலையாளமும் அவன் வாயில் சேர்ந்தேதான் வரும். ஆட்டம் தொடங்க, அடுக்கி வைத்த பந்துகளைச் சிதறடிக்கும் பிரேக்கை அவன் அடித்தால் லாட்ஜில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள், அவ்வளவு பலம். எங்களில் இன்னொருவர் போனக்காட்டு அண்ணன். மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கே கிளப்பில் கிடந்த பழைய மேசையில் ஆடக் கற்றுக்கொண்டு, பிறகு கீழே இறங்கி வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். இந்த ஊரில் அவரை ஜெயிப்பது கஷ்டம். அவர் பேசிக் கேட்பது அதைவிடக் கஷ்டம்.

அந்த வரியை எடுக்கும்வரை யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவாயிற்று. அண்ணாச்சியிடம் பேச மூன்று பேர் போனோம். நான், போனக்காட்டு அண்ணன், ஆட்டோத் தம்பி. பேசுவது நான், மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் போதும் என்பது ஏற்பாடு.

அண்ணாச்சி எழுந்து நாற்காலி போட்டார். "இருங்க, இருங்க. சாயா சொல்லட்டுமா? அக்கா, நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்? சொல்லுங்க பாப்போம்."

"குறை ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. அந்த ஒரு வரிதான். அதை எடுத்துட்டா நாளைக்கே எல்லாரும் கையெழுத்துப் போடறோம்."

"அது எப்படிக்கா எடுக்க முடியும்? நான் முதல் போட்டு நடத்துதேன்லா? நம்ம ஆளுக நாளைக்கு நாகர்கோவில்லயும் போய் ஆடினா ஸ்பான்சர் எதுக்கு என்கிட்ட வாரான்? மனசிலாச்சா?"

"உங்களோடது நாலு சுத்து. மீதி நாள் நாங்க எதைச் சாப்பிடறது?"

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. இறங்கி வருகிறார் என்று தோன்றியது. பிறகு தலையைத் தூக்கி, "சரி. இதுல எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கீங்களா?" என்று கேட்டார்.

"எல்லாரும்" என்றேன் நான்.

என் வலது பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். போனக்காட்டு அண்ணனின் கை மேலே போயிருந்தது.

"முதலாளி, அது சரியில்லீங்க" என்றார். "ரெண்டு பேரு நேத்தே உங்ககிட்ட கையெழுத்துப் போட்டுட்டாங்க. இன்னும் சில பேரு போடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்காங்க."

அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லாரும் என்றேன். பேரம் பேசுகிற இடத்தில் வேறென்ன சொல்வார்கள்? அண்ணாச்சி சிரிக்கவில்லை, அதுதான் மோசம். மரியாதையாகத் தலையசைத்து, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "அப்பொ எல்லாரும் முடிவு பண்ணிட்டு வாங்க அக்கா. நான் எங்க போவப் போறேன்?"

வெளியே வந்ததும் தம்பானூர் நடைபாதையில், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில், போனக்காட்டு அண்ணனை நான் பேசாத பேச்சில்லை.

"அண்ணா, உங்களுக்குப் புத்தி இருக்கா? பேசப் போன எடத்துல யாராவது கையைத் தூக்குவாளா?"

"தூக்கணும்னு நெனைக்கல தங்கச்சி. கை அதுவா போயிருச்சு."

"அதுவா போறதுக்கு அதென்ன கொசுவா?"

ஆட்டோத் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அண்ணன் தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அதன் மேல் அவருக்கே கொஞ்சம் வருத்தம் இருந்தது போலிருந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க, கேட்டோ. கொஞ்ச நாளைக்கு காலை கிளாஸை வேற ஆளு பாக்கட்டும். அந்தச் சாவிய மட்டும் வாட்ச்மேன்கிட்ட குடுத்திருங்க." அண்ணாச்சி குரலை உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். இப்படிக் கெஞ்சுகிற குரலில் ஒருவர் வயிற்றில் அடித்தால் என்ன பதில் சொல்வது? சாவியைக் கொடுத்தேன். என் சாவி வளையத்தில் வீட்டுச் சாவி மட்டும் தனியாக ஆடியது.

காலையில் நான் வீட்டிலேயே இருப்பதை அம்மா சில நாள் சும்மா பார்த்தாள். பிறகு கேட்டாள். "என்னடி, கார்த்தால ஆத்துலயே இருக்கே? என்ன ஆச்சு?"

"மேசை போயிடுத்து."

"போனா போறது. ஊர்ல வேற மேசையே இல்லையா?"

"இருக்கும்மா. அவன்கிட்ட ஆடணும்னா அதுல எதுலயும் ஆடப்படாதுங்கறான். அதுக்குத்தான் சண்டையே."

அம்மா நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். "அப்படின்னா அது என்ன வேலைடி? தாலி கட்டிண்ட மாதிரின்னா இருக்கு" என்றாள். எங்கள் கோரிக்கையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. நானும் அம்மாவும் வெகுநாள் கழித்துச் சேர்ந்து சிரித்தோம்.

ஆனால் வெளியே நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. அவர் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தினம் ஒரு சேதி. போட்டவர்கள் என்னைப் பார்த்ததும் பழவங்காடியில் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்கள். போடாதவர்களும் நானும் போட்டிருப்பேனோ என்று சந்தேகத்தோடு என்னைப் பார்ப்பார்கள். செயலாளரே சத்தமில்லாமல் போட்டுவிட்டாள் என்றுகூட ஒரு பேச்சு வந்து என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

போனக்காட்டு அண்ணன் டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அவரே பேச ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க. தோட்டத்துல ஸ்ட்ரைக்குன்னா எத்தனை பேரு வேலைக்கு மலை ஏறுனாங்கன்னு ஆபீசுக்குக் காலைலயே தெரிஞ்சு போயிரும். நம்ம ஆளுகளுக்குத்தான் தெரியாது. பக்கத்து லயத்து வீடுகள்ல யாரு உறுதியா இருக்கா, யாரு ஆட்டம் காணுறான்னு தெரியாமத்தான் பயந்து பயந்து ஒவ்வொருத்தரா போவாங்க. அண்ணாச்சி மேசையில கையெழுத்து இருக்கு தங்கச்சி. அவருகிட்ட எல்லாரும்னு சொன்னா ஏமாறப் போறது அவரில்ல."

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்த எரிச்சல். "அதுக்காகக் கையைத் தூக்கி எதிராளிக்கு வெள்ளைப் பந்தைக் குடுத்துட்டு வரணுமா?" என்றேன்.

"அங்க தூக்குனது தப்புதான்" என்றார். "நம்ம இடத்துல தூக்கியிருக்கணும்."

அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் டீயைக் குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் டீ ஆறிப்போயிற்று. மேசைக்கு முன்னால் ஒரு நூல் அளவு பந்து அசைந்தாலும் கையைத் தூக்குகிறவர்கள், ஏன் இந்த விஷயத்தில் மட்டும் சுவரோரமாக நடக்கிறார்கள்? மேசையில் தூக்கினால் யாரும் திட்ட மாட்டார்கள். முறை போகும், அவ்வளவுதான். அடுத்த கேமில் வந்து ஆடலாம். இங்கே ஒருதரம் தப்பினால் துரோகி. துரோகி என்று சொல்லத் தயாராக முதல் ஆளாக நின்றது என் வாய்தான்.

அடுத்த கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களையும் கூப்பிட்டேன். வருவார்களா என்று சந்தேகமாக இருந்தது. வந்தார்கள், மூலையில் நின்றார்கள். நான் எழுந்து, "இங்கயும் மேசை மாதிரிதான். ஃபவுல் பண்ணினவா அவாளே கையைத் தூக்கணும். தூக்கினவாளை யாரும் ஒரு வார்த்தை சொல்லப்படாது. சொன்னா என்கிட்ட வாங்கிக்கட்டிக்கணும்" என்றேன். பேச்சில் வீட்டுத் தமிழ் வந்துவிட்டதைக் கவனித்து எல்லோரும் ரெண்டடி தள்ளி நின்றார்கள்.

யாரும் அசையவில்லை. அதனால் நானே தூக்கினேன். "எனக்குப் பயமா இருக்கு. காலை மேசை போனதிலேர்ந்து தினம் அண்ணாச்சி போன் பண்ண மாட்டாரான்னு பார்க்கறேன். பண்ணினா ஒத்துண்டுடுவேனோன்னு நேத்து தோணித்து." சொன்ன பிறகு உடம்பு லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒருவர் கையெழுத்துப் போட்டாயிற்று என்றார். இன்னொருவர் போடவில்லை, ஆனால் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன் என்றார். கடைசியில் ஆட்டோத் தம்பியின் கை. நான் எதிர்பார்க்கவே இல்லை.

"ஞானும் ஒப்பு போட்டாச்சு சேச்சி" என்றான். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. "வண்டிக்கு டெஸ்ட் வருது, பணம் வேணும். மோளுக்கு ஸ்கூல் தொறக்குது. பேரை வெட்டச் சொன்னா அவரு பின்னே என்னை ஹாலுக்குள்ள கேற்றமாட்டாரு."

என்னோடு அண்ணாச்சி முன்னால் வந்து நின்றவன். நடைபாதையில் நான் கத்தியபோது சிரித்தவன். நாக்கு நுனிவரை வந்ததை எல்லாம் விழுங்கினேன். நானே போட்ட சட்டம். போனக்காட்டு அண்ணன் எழுந்து அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கொல்லையில் அதற்குப் பிறகு நடந்த கூட்டம் எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஃபவுல், பிறகு பேச்சு. யார் உறுதி, யார் ஆட்டம் காண்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு வதந்திக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆட்டம் கண்டவர்களிடம் மற்றவர்கள் போய் உட்கார்ந்தார்கள். வீடு எங்கே, பிள்ளை என்ன படிக்கிறது என்று எல்லாம் தெரிய வந்தது. நாகர்கோவில், கொல்லம் ஆட்டக்காரர்களுக்கும் போன் போட்டுப் பேசினோம். அவர்களில் பெரும்பாலோர் வரமாட்டோம் என்றார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் போய்ப் பெயரை வெட்டிவிட்டு வந்தார்கள். சிலர் வெட்டவில்லை. ஆட்டோத் தம்பி வெட்டவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, கையைத் தூக்கி, "இன்னும் வெட்டல்லே" என்று சொல்லிவிட்டு உட்காருவான்.

முதல் சுற்று ஆரம்பிக்கும் அன்று நாங்கள் லாட்ஜ் படிக்கட்டின் கீழே நின்றோம். கொடி கிடையாது, கோஷம் கிடையாது. தோளில் கோல் பையோடு சும்மா நின்றோம். ஆட வந்தவர்கள்போலவும் இருந்தோம், ஆடாதவர்கள் என்றும் தெரிந்தது. மேலே போகிற பார்வையாளர்கள் என்ன ஏது என்று விசாரித்தார்கள். நான் சொன்னேன். அம்மா சொன்ன மாதிரியே சொன்னேன். ஒரு பெரியவர் சிரித்துவிட்டு மேலே போகாமல் எங்களோடே நின்றுகொண்டார்.

ஆட்டோத் தம்பி வந்தான். அவனோடு பெயரை வெட்டாத இன்னும் இரண்டு பேர். யாரும் வழி மறிக்கவில்லை. விலகி நின்றோம். அவன் என் முகத்தைப் பார்க்காமல் படியேறினான். சத்தியமாக அந்த நேரம் அவன் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. என் போனைச் சுற்றி எல்லோரும் தலையை நீட்டினார்கள். முதல் ஆட்டமே அவனுடையது. எதிரே, அவனோடு படியேறிய கொல்லத்துக்காரர். தம்பிதான் பிரேக் அடித்தான். அந்தச் சத்தம் போனில் வருவதற்கு முன்னால் மாடியிலிருந்தே எங்களுக்கு வந்துவிட்டது. ஒரு பந்து உள்ளே போயிற்று. நல்ல இடம், அடுத்த பந்து நேராகக் கிடக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். அவன் குனிந்தான். கோலை முன்னும் பின்னும் ஆட்டினான். பிறகு ஆட்டுவது நின்றது.

நிமிர்ந்து கையைத் தூக்கினான்.

ரெஃப்ரி மேசைக்கு வந்து பார்த்தார். எல்லாப் பந்தும் இருந்த இடத்தில் இருந்தது. "எவிடே தொட்டு?" என்று அவர் விசாரித்தது போனில் கேட்டது.

"பந்துல ஒண்ணும் தொட்டில்ல சாரே" என்றான் தம்பி. "நான் உள்ள வந்ததுதான் ஃபவுல். என்னை இந்த மேச்சுல இருந்து எடுத்துருங்க." கோலின் இரண்டு பாகத்தையும் திருகிப் பிரித்துப் பையில் போட ஆரம்பித்தான்.

ரெஃப்ரி கொல்லத்துக்காரரிடம் வெள்ளைப் பந்தை எடுத்துக் கொடுத்தார். சட்டப்படி அவர் முறை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எங்கே வைக்கப் போகிறார் என்று நாங்கள் போனை இன்னும் நெருங்கினோம். கடைசியில் பந்தை மேசை விளிம்பில் வைத்துவிட்டு அவரும் பையைத் தேடினார்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஆட்டோத் தம்பி, கொல்லத்துக்காரர், கூடப் போன மற்றவர் என்று மூன்று பேரும் இறங்கி வந்தார்கள். தம்பியின் தோளைப் பிடித்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவன் சட்டை நனைந்திருந்தது. போனக்காட்டு அண்ணன் அவன் பையை வாங்கி இடது தோளில் மாட்டிக்கொண்டார்.

மேலே வேடிக்கை பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலரும், வெறும் மேசையைக் காட்டிக்கொண்டிருந்த கேமராவும்தான் மிச்சம். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியே இறங்கி வந்தார். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றுகொண்டார். கோபமாக இல்லை. களைப்பாக இருந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றது அவர் பார்வை.

"அக்கா, இப்பொ எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கீங்களா?"

"எல்லாரும்" என்றேன்.

அவர் என் பதிலைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எனக்கு வலது பக்கத்தில் நின்ற போனக்காட்டு அண்ணனைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோத் தம்பி பார்த்தான். படிக்கட்டின் கீழே நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். அண்ணனுக்கு வெட்கமாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய வலது கை தன் பையின் வாரைப் பிடித்தபடி, மேலே போகாமல் அப்படியே இருந்தது.

அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையில் கையை விட்டு என் பழைய சாவியை எடுத்தார்.

"மேல வாங்க. அந்த வரிய அடிச்சிருவோம்" என்றார்.